கன உலோகம் கலந்த நிலத்தில் உயிர்க்கரி இடும் முறை

மண்ணில் தங்கிய பூச்சிக்கொல்லிகள் பலவற்றை நுண்ணுயிர்கள் நாளடைவில் சிதைத்துவிடும். காட்மியமும் ஈயமும் தனிமங்கள் என்பதால் அவற்றைச் சிதைக்க எந்த உயிராலும் முடியாது. உயிர்க்கரியும் அவற்றை அழிப்பதில்லை, நிலத்தைவிட்டு வெளியேற்றுவதுமில்லை. மண்ணின் ஈரத்தில் கரைந்து வேருக்குள் நுழையக்கூடிய உலோகத்தின் பங்கைக் குறைத்து, அதைத் தன் மேற்பரப்பிலும் கரையாத உப்புகளிலும் பிடித்துவைப்பதுதான் அது செய்யும் வேலை. கரி இடுவதற்கு முன்பும் பின்பும் மண்ணின் மொத்த ஈயத்தை ஆய்வகத்தில் அளந்தால் எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும்; அதைப் பார்த்துவிட்டுக் கரி பலிக்கவில்லை என்று முடிவுகட்டுவது தவறு. மாற வேண்டிய எண் வேறொன்று. அதை அளக்கும் முறையைக் கீழே சொல்கிறேன்.

மரத்துண்டு, உமி, சாணம் போன்ற உயிர்ப்பொருள்களை மிகக் குறைந்த ஆக்சிஜனில் ஏறத்தாழ 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், எரிந்து போகாமல் எஞ்சுவது உயிர்க்கரி. அதில் நுண்துளைகள் நிறைந்த கார்பனோடு சாம்பல் உப்புகளும் கலந்திருக்கும். சாம்பல் மண்ணின் அமிலத்தன்மையைத் தணிக்கிறது. அமிலம் தணிந்தால் காட்மியம், துத்தநாகம், நிக்கல், ஈயம் ஆகிய நேர்மின் அயனிகள் கரைவது குறைகிறது. சாம்பலிலுள்ள பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து, பைரோமார்பைட் என்னும் மிக மிகக் குறைவாகவே கரையும் கனிமமாகப் படிகிறது. கரியின் மேற்பரப்பிலுள்ள கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் செம்பையும் ஈயத்தையும் பற்றிக்கொள்கின்றன. கரியில் அமர்ந்திருந்த கால்சியமும் பொட்டாசியமும் வெளியேறி, அந்த இடங்களில் உலோக அயனிகள் உட்காருகின்றன. இவற்றுள் அமிலத் தணிப்புக்கே வயலில் பெரும்பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அமில மண்ணில் கரி நன்றாக வேலை செய்வதும், ஏற்கெனவே சுண்ணாம்புத்தன்மை மிகுந்த மண்ணில் அதே கரி பெரிதாக எதையும் சாதிக்காமல் போவதும் அதனால்தான். உங்கள் சிக்கல் வெறும் அமிலத்தன்மை மட்டுமே என்றால், சுண்ணாம்பு அதே வேலையை விரைவாகவும் குறைந்த செலவிலும் செய்யும்; கரியைத் தேடி அலைய வேண்டாம்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

எதை இடுவது என்று யோசிப்பதற்கு முன், உலோகம் எந்த வழியாக வந்தது என்பதையும் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஆலைக்கழிவு கலந்த பாசனநீர், உலோகம் மிகுந்த கழிவுநீர்ச் சேறு, பழைய கட்டடங்களிலிருந்து உதிரும் ஈயப் பூச்சு, சுரங்க மண், காட்மியம் கலந்த பாஸ்பேட் உரம் ஆகியவற்றுள் ஒன்று தொடர்ந்து சேர்ந்துகொண்டிருந்தால், கரி இடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் வேலையாகவே முடியும்.

மாதிரி எடுப்பதில் அவசரம் கூடாது. நிலத்தின் குறுக்கே வளைந்து வளைந்து நடந்து, 10 முதல் 15 இடங்களில் மேல்மட்டத்து 15 அல்லது 20 சென்டிமீட்டர் மண்ணை எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை ஆய்வுக்கு அனுப்பலாம். துத்தநாகப் பூச்சுள்ள வாளியும் பித்தளைக் கருவியும் மாதிரியைக் கெடுத்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியும் பிளாஸ்டிக் வாளியும் போதும். சாலையோரம், பழைய சுவரோரம், குப்பை எரித்த இடம் போன்ற திட்டுகளின் மண்ணை மற்ற மண்ணோடு கலக்காமல் தனி மாதிரியாக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மூலையின் நஞ்சு சராசரியில் மறைந்துபோகும்.

ஆய்வகத்தில் இரண்டு வகை அளவுகளைக் கேட்டுப் பெறுங்கள். ஒன்று, கடும் அமிலத்தில் மண்ணைச் செரிக்கவைத்து எடுக்கும் மொத்த அளவு. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், கழிவுநீர்ச் சேறு இடும் விளைநிலங்களுக்காக 1986இல் வந்த ஐரோப்பிய விதிமுறை, மண்ணில் காட்மியத்துக்குக் கிலோவுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்றும் ஈயத்துக்கு 50 முதல் 300 மில்லிகிராம் என்றும் எல்லை வகுத்தது. இரண்டாவது, வேருக்கு எட்டக்கூடிய அளவு. கரி இட்ட பிறகு மாற வேண்டியது இதுதான். பல ஆய்வகங்கள் இதற்கு, உலோகங்களைப் பற்றி இழுக்கும் டிடிபிஏ என்னும் வேதிப்பொருளின் கரைசலைப் பயன்படுத்துகின்றன. அந்தக் கரைசலின் பிஎச் மதிப்பு (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 7.3 என்று நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், உங்கள் மண்ணின் பிஎச் 5.2இலிருந்து 6.5க்கு ஏறியதன் பலன் அந்த முடிவில் சரியாகத் தெரியாது. 0.01 மோலார் கால்சியம் குளோரைடு கரைசலுக்கு இந்தக் குறை இல்லை. அது மண்ணின் இயல்பான பிஎச் மதிப்பை ஒட்டியே உலோகத்தை எடுக்கிறது. வாய்ப்பிருந்தால் அதையே கேளுங்கள். முதலில் எந்த முறையில் அளந்தீர்களோ அதே முறையில்தான் கடைசிவரை அளக்க வேண்டும். பிஎச், மின் கடத்தும் திறன், கரிமக் கார்பன் ஆகிய மூன்றையும் அதே மாதிரியில் பார்த்துவிடலாம்.

எல்லா உலோகமும் ஒன்றல்ல

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள். காட்மியம், ஈயம், துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றுக்குப் பொருந்தும் முறையை ஆர்சனிக் உள்ள நிலத்தில் அப்படியே செய்தால் நிலைமை மோசமாகும். ஆர்சனிக் மண்ணில் எதிர்மின் அயனியாக உலவுகிறது. பிஎச் ஏறும்போது மற்ற உலோகங்கள் அடங்குகின்றன; ஆர்சனிக்கோ இரும்பு ஆக்சைடுகளின் பிடியிலிருந்து நழுவி மண்நீருக்கு வருகிறது. பாஸ்பேட்டும், ஆர்சனிக்கின் அயனி வடிவமான ஆர்சனேட்டும் வடிவில் ஒத்தவை என்பதால், கரியிலிருந்து வரும் பாஸ்பேட் ஆர்சனேட்டை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிடவும் கூடும். ஆகவே ஈயத்துக்குச் சிறந்ததான, பாஸ்பரஸ் மிகுந்த எலும்புக்கரியும் சாணக்கரியும் ஆர்சனிக் நிலத்துக்கு ஆகாதவை. ஆர்சனிக் இருந்தால் இரும்பு உப்பு ஏற்றிய கரியையோ இரும்பு ஆக்சைடையோ நாட வேண்டும். அதையும் தொட்டியில் சோதித்துப் பார்க்காமல் நிலத்தில் இறக்கக் கூடாது.

நெல் வயலில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. நீர் தேங்கியிருக்கும் வரை காட்மியம் சல்பைடாகப் படிந்து அடங்கியிருக்கும். அறுவடைக்கு முன் நீரை வடித்து மண்ணைக் காயவிடும் அந்தச் சில வாரங்களில்தான் அது விடுபட்டுக் கதிருக்குள் ஏறுகிறது. ஆர்சனிக்கின் போக்கு இதற்கு நேர்மாறானது: நீர் தேங்கிய மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் கரையும்போது அது வெளிப்படுகிறது, காயும்போது அடங்குகிறது. இரண்டும் கலந்த வயலில் நீரைக் கட்டினாலும் தொல்லை, வடித்தாலும் தொல்லை. சிலிக்கா மிகுந்த உமிக்கரிக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு; நீர் தேங்கிய மண்ணில் உருவாகும் ஆர்சனைட் என்னும் ஆர்சனிக் வடிவம், சிலிக்கான் நுழையும் அதே வாயில்கள் வழியாகத்தான் நெல் வேருக்குள் போகிறது என்பதால், சிலிக்கான் மிகுந்திருந்தால் அதற்குப் போட்டி கூடுகிறது.

குரோமியத்தில் நஞ்சு மிகுந்தது குரோமேட் எனப்படும் ஆறிணைதிற வடிவம். கரி அதற்கு எலக்ட்ரான் கொடுத்து, அவ்வளவாகக் கரையாத மூவிணைதிற வடிவமாக மாற்ற வல்லது. அந்த வினை அமிலச் சூழலில் விரைவாகவும் காரச் சூழலில் மெதுவாகவும் நடப்பதால், குரோமேட் உள்ள நிலத்துக்குக் குறைந்த வெப்பத்தில் செய்த, சாம்பல் குறைந்த கரியே ஏற்றது. செம்பு கரிமப் பொருளோடு இறுகப் பிணையும். ஆனால் கரியோடு சேர்த்து மட்கு உரத்தையும் மிகுதியாகக் கொட்டினால், நீரில் கரையும் கரிமப் பொருள் செம்பைச் சுமந்துகொண்டு கீழே இறங்கிவிடும். நீர் தேங்கும் நிலத்தில் பாதரசம் இருந்தால், நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய மெத்தில் பாதரசமாக மாற்றும் ஆபத்து உண்டு. அந்த நிலத்தில் இத்தகைய வேலையை நீங்களாக முயல வேண்டாம்.

எந்தக் கரி?

மூலப்பொருள் தூய்மையாக இருக்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் முந்திய நிபந்தனை. சாயம் பூசிய பலகை, செம்பு-குரோமியம்-ஆர்சனிக் கலவையால் பதப்படுத்திய பச்சை நிறம் ஓடிய மரம், மாசுபட்ட நிலத்திலேயே வளர்ந்த செடிகள் ஆகியவற்றைக் கரியாக்கக் கூடாது. கழிவுநீர்ச் சேற்றைக் கரியாக்கும்போது அதிலுள்ள செம்பும் நிக்கலும் ஆவியாவதில்லை. எடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் அவற்றின் செறிவு மூன்று மடங்காகும். மரக்கரியில் சாம்பல் குறைவு, நிலைத்தன்மை மிகுதி. சாணக்கரியிலும் கோழி எருக் கரியிலும் சாம்பல், பாஸ்பரஸ், உப்பு மூன்றுமே மிகுதி. அமில மண்ணில் ஈயமோ காட்மியமோ இருந்தால், 500 முதல் 600 டிகிரியில் செய்த, சாம்பல் நீக்காத கரியைப் பரிந்துரைப்பேன். 350 டிகிரியை ஒட்டிச் செய்த கரியில் உலோகத்தைப் பற்றும் தொகுதிகள் கூடுதலாக இருந்தாலும், அது மண்ணில் விரைவாகச் சிதையும்.

வாங்குவதாக இருந்தால், கரி நன்றாக வெந்திருக்கிறதா என்பதைக் காட்டும், ஹைட்ரஜனுக்கும் கரிமக் கார்பனுக்கும் இடையிலான மோலார் விகிதம் 0.7க்கு மேல் போகவில்லை என்ற சான்றைக் கேளுங்கள். ஐரோப்பிய உயிர்க்கரிச் சான்றிதழ் அதைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. பிஎச், சாம்பல் அளவு, கரியிலேயே உள்ள கன உலோகங்களின் அளவு, சுடும்போது உருவாகும் நச்சுச் சேர்மங்களான பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களின் அளவு ஆகியவையும் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும்.

நீங்களே சுடுவதாக இருந்தால், கூம்பு வடிவக் குழியிலோ இரும்புக் கூம்பிலோ காய்ந்த குச்சிகளை மெல்லிய அடுக்குகளாக அடுக்கி எரிப்பது எளிய முறை. மேலடுக்கில் சுடர் இருக்கும் வரை அது காற்றின் ஆக்சிஜனைத் தானே தின்றுவிடுவதால் கீழடுக்கு கரியாகவே தங்கும். மேலே வெண்சாம்பல் படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். புகை கிளம்பினால் ஈரமான குச்சியை இட்டுவிட்டீர்கள் அல்லது ஒரேயடியாக மிகுதியாக இட்டுவிட்டீர்கள் என்று பொருள். குழி நிறைந்ததும் நீர் ஊற்றி முழுவதுமாக அணைக்க வேண்டும். அணைந்ததுபோல் தோன்றும் கரிக்குவியல் உள்ளே கனன்று சில மணி நேரம் கழித்துத் தானே தீப்பிடிப்பதுண்டு என்பதால், மறுநாள் வரை கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

ஆறிய கரியில் ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பாருங்கள். சரியாக வெந்த துண்டு உலர்ந்த நிலையில் கண்ணாடி உடைவதுபோல் கணீரென ஒலித்து முறியும். உள்ளும் புறமும் ஒரே கறுப்பாக இருக்கும். நடுவில் பழுப்பு தெரிந்தால் அது வேகவில்லை. பொடியை ஈரக்கையில் தேய்த்துவிட்டு வெறும் நீரில் கழுவினால் கறுப்பு முழுவதும் போய்விட வேண்டும். சோப்பு போட்டும் பிசுபிசுப்பு விடவில்லை என்றால் அதில் தார் படிந்திருக்கிறது. அந்தக் கரியை ஒதுக்கிவிடுங்கள்.

அளவும் தொட்டிச் சோதனையும்

மண்ணின் எடையில் நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு வரை கரி சேர்ப்பது வழக்கம். இந்த விழுக்காடு காதுக்குச் சிறியதாக ஒலிக்கும். கணக்குப் போட்டால்தான் அதன் பாரம் புரியும். ஒரு சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மண், கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் அடர்த்தி என்று வைத்தால், 195 கிலோ எடை இருக்கும். அதில் 2 விழுக்காடு என்பது 3.9 கிலோ உலர்ந்த கரி. ஒரு ஹெக்டேருக்கு அதே அளவு 39 டன் ஆகிறது. கையிலுள்ள கரியில் 30 விழுக்காடு ஈரம் இருந்தால், 3.9ஐ 0.7ஆல் வகுத்து, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.6 கிலோ எடுக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கும் சில பாத்திகளுக்கும் தாங்கக்கூடிய இந்த வேலை, பரந்த வயலில் பல நேரம் கட்டுப்படியாகாது. அங்கே சுண்ணாம்பைப் பெரும்பகுதியாகவும் கரியைச் சிறுபகுதியாகவும் வைத்துத் திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

நிலத்தில் இடுவதற்கு முன் தொட்டியில் சோதியுங்கள். அதே நிலத்தின் மண்ணைச் சலித்து, இரண்டிரண்டு கிலோவாகப் பிரித்து, ஒன்றில் எதுவும் சேர்க்காமல், மற்றவற்றில் முறையே 20, 40, 80 கிராம் கரி கலந்தால் 0, 1, 2, 4 விழுக்காட்டுத் தொட்டிகள் தயார். ஒவ்வோர் அளவிலும் மூன்று தொட்டிகள் இருந்தால் தற்செயல் வேறுபாட்டை இனங்காணலாம். பிழிந்தால் நீர் சொட்டாத, ஆனால் கையில் உருண்டையாகப் பிடிபடும் ஈரத்தில் ஆறு வாரம் வைத்திருந்து, பிறகு கால்சியம் குளோரைடு முறையில் உலோகத்தையும் பிஎச் மதிப்பையும் அளக்க வேண்டும். காட்மியம்தான் கவலை என்றால், அதை எளிதில் ஏற்றுக்கொள்ளும் கீரை ஒன்றை அதே தொட்டிகளில் விதைத்து, இலையை மண் துகள் இல்லாமல் கழுவி, உலர்த்தி ஆய்வுக்கு அனுப்பலாம். இரண்டு விழுக்காட்டுக்கும் நான்கு விழுக்காட்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். பிஎச் 6.5க்கும் 7க்கும் இடையில் நின்றால் போதும், 7.5ஐத் தாண்டவிட்டால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகப் பற்றாக்குறையில் இலைகள் வெளுக்கத் தொடங்கும், யூரியா இட்டால் அமோனியாவாக ஆவியாகும் இழப்பும் கூடும்.

நிலத்தில் இடுதல்

பெரிய கரித்துண்டு மண்ணில் ஒரு தீவாகத்தான் கிடக்கும். அதைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டரைத் தாண்டி அதன் பிடி எட்டாது. ஆகவே 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பொடிக்க வேண்டும். உலர்ந்த கரியைப் பொடித்தால் எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. உமிக்கரியில் சிலிக்காவும் சேர்ந்திருப்பதால் அதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கரியை நனைத்துவிட்டுப் பொடிப்பதும், காற்றில்லாத நேரத்தில் தூவுவதும், முகக்கவசம் அணிவதும் போதுமான காப்பு. மாசுபட்ட மண்ணின் தூசியும் அதே காற்றில்தான் எழும் என்பதால், நிலத்தையும் முன்னாளே நனைத்துவைப்பது நல்லது.

கணக்கிட்ட அளவில் பாதியைத் தூவிக் கொத்தி, குறுக்குவாட்டில் மீதியைத் தூவி மறுபடி கொத்தினால் கலவை சீராக அமையும். மாதிரி எடுத்த ஆழத்தைவிட ஆழமாகக் கிளற வேண்டாம். மேலே உள்ள நஞ்சைக் கீழே உள்ள நல்ல மண்ணுக்குள் இறக்கிவிடுவீர்கள். புதுக்கரி முதல் பருவத்தில் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டு பயிரைப் பட்டினி போடக்கூடும் என்பதால், நன்கு மட்கிய, உலோகம் சோதிக்கப்பட்ட தொழு உரத்தோடு சம அளவில் கலந்து, மூன்று நான்கு வாரம் ஈரத்தில் வைத்திருந்து இடுவது வழக்கம். செம்போ ஆர்சனிக்கோ உள்ள நிலத்தில் மட்டும் இந்த உரக் கலவையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கரி கலந்த பிறகு ஒரு மாதமாவது விட்டுத்தான் விதைக்க வேண்டும்.

அதன் பிறகு

கரி இட்ட நிலத்தில் உரத் தேர்வு முன்பைவிட முக்கியமாகிறது. அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்கள் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தை விடுவித்து, கரி ஏற்றிவைத்த பிஎச் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கும். குளோரைடு காட்மியத்தோடு இணைந்து அதை வேருக்கு எளிதில் கொண்டுபோகும் என்பதால், பொட்டாஷ் வேண்டுமென்றால் குளோரைடு வடிவத்தை விடுத்துப் பொட்டாசியம் சல்பேட்டை இடுங்கள். உவர்நீர்ப் பாசனத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விதைக்குமுன் இடும் களைக்கொல்லிகள் கரியில் ஒட்டிக்கொண்டு வலுவிழப்பதால், களையைக் கையால் எடுக்கத் தயாராக இருங்கள். உலோகத்தை உறிஞ்சி வெளியே எடுக்கும் செடிகளை அதே நிலத்தில் வளர்க்க நினைப்பது, ஒருவர் பூட்ட இன்னொருவர் திறப்பது போன்றது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலிரண்டு பருவங்களில் கீரையும் கிழங்கும் வேண்டாம். தக்காளி, பீன்ஸ் போன்ற காய்கனிகளில் உலோகம் பொதுவாகக் குறைவாகவே சேரும். பூச்செடிகளும் நார்ப்பயிர்களும் இன்னும் பாதுகாப்பானவை.

குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஈயம் இருந்தால் கரியை மட்டும் நம்பக் கூடாது. அங்கே ஈயம் உடலுக்குள் போவது காய்கறி வழியாக அல்ல, விரலில் ஒட்டி வாய்க்குப் போகும் மண்ணின் வழியாக. மண்ணில் அடங்கியிருந்த ஈயத்தின் ஒரு பகுதியை இரைப்பையின் கடும் அமிலம் மறுபடி கரைத்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான வழிகாட்டு அளவை 2024 ஜனவரியில் கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200க்குக் குறைத்தது. அத்தகைய இடத்தில் புல் வளர்த்தோ கனமான மூடாக்கு இட்டோ மண் வெளியே தெரியாமல் மூடுவதும், உயர்த்திய பாத்திகளில் புதுமண் இட்டுப் பயிரிடுவதும்தான் முறை. மாசு மிக முற்றிய நிலத்திலும் கரிக்கு எல்லை உண்டு. காட்மியத்தால் எலும்புகளை நலித்துக் கடும் வலி தரும் இட்டாய்-இட்டாய் நோய் பரவியதாக 1968இல் அரசு ஏற்றுக்கொண்ட ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், வயல்களில் நல்ல மண்ணைக் கொண்டுவந்து பரப்பித்தான் நிலத்தை மீட்டார்கள். அந்தப் பணி 2012 வரை நீடித்தது.

கரி இட்ட ஆறு மாதத்தில் ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும், அதே பருவத்தில், அதே ஆழத்தில், அதே கரைசல் முறையில் மண்ணைச் சோதியுங்கள். பிஎச் 6க்கு அருகில் இறங்கினால் புதிதாகக் கரி இட வேண்டியதில்லை, சுண்ணாம்பு போதும். பிஎச் சரியாக இருந்தும் கரையும் உலோகம் இரண்டு முறை தொடர்ந்து ஏறியிருந்தால், மறுபடி கரி இடுவதற்கு முன் பாசனநீரையும் புதிதாக வாங்கிய உரத்தையும் ஆய்வுக்கு அனுப்புங்கள்.